நின்னே ஜெயிச்சவர்

எனக்குக் காலில் சக்கரம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் தறியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தவர்தான். பக்கத்தில் வைத்த காபி ஆறி ஏடு கட்டினாலும் எழுந்து வரமாட்டார். நான் அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில்கூட இரண்டு தடவை வாசலுக்குப் போய்விட்டு வருகிறவள். துணிக்கடையில் வேலைக்குப் போனேன், தட்டச்சு நிலையத்தில் இருந்தேன், ஒரு டாக்டரிடம் டோக்கன் கொடுத்தேன். எதிலும் ஒட்டவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "உன்னைப் பார்த்தா பேஷன்ட்டுக்கெல்லாம் பிரஷர் ஏறுதும்மா" என்றார். மறுநாள் நான் போகவில்லை.

இப்போது செய்கிற வேலை மட்டும்தான் ஒத்துவந்திருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் சேலைகளை வாங்கிக்கொண்டு, பிள்ளையார்பாளையத்தில் முந்தானை நுனியில் குஞ்சம் முடியும் பெண்களிடம் வீடு வீடாகக் கொடுத்து, முடிந்ததும் கடையில் திருப்பிச் சேர்க்க வேண்டும். எல்லாம் சைக்கிளில்தான். இந்த வயதில் எதற்குச் சைக்கிள், ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்கிறார்கள். காலுக்கு வேலை இல்லாத வண்டியில் ஏறி நான் என்ன செய்யட்டும்?

"கொஞ்சம் உட்காரேன்டி" என்று யாராவது சொன்னால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "எங்கப்பா ரேஸ்காரரு. ரத்தத்துலயே இருக்குது. என்னை என்னா பண்ணச் சொல்ற?" அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். வேலையை விட்டபோதெல்லாம், மாமியாரிடம் சண்டை போட்டுக்கொண்டு திடீரென்று பஸ் ஏறியபோதெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். தறி நெய்தார். நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சைக்கிள் முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைப்பார், பின்னாலிருந்து அவருடைய மூச்சு என் உச்சந்தலையில் படும். அது ஒன்றுதான் நானாக ஞாபகம் வைத்திருப்பது. மற்றதெல்லாம் அம்மா சொன்ன ஒரே ஒரு வாக்கியம். "உங்கப்பா சைக்கிள் ரேஸ்ல நின்னே ஜெயிச்சாரும்மா." எப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வாள். அவளும் கல்யாணமாகி வந்த பிறகு அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டதுதான்.

நின்னே ஜெயிச்சார். நான் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் தெரியுமா? சீட்டை விட்டு எழுந்து, பெடல் மேல் நின்று, உடம்பை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, சட்டை காற்றில் புடைக்க, மற்றவர்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போகிற அப்பா. மேடு வந்தால் நானும் அப்படித்தான் எழுந்து நின்று மிதிப்பேன். பாவாடை கட்டிய காலத்திலிருந்து இந்தச் சேலை வரைக்கும் அப்படித்தான்.

அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பெயரும் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவாள், நான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் அவர் என் பெயருக்கு முன்னால் நின்ற ஓர் எழுத்து, ஒரு புள்ளி. தெருவில் அவரை என்னுடைய அப்பா என்றோ அம்மாவின் வீட்டுக்காரர் என்றோதான் சொன்னார்கள். அவர் பெயரை என் குரலில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் கிளப் பிள்ளைகள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய சட்டை, கையில் தூக்கினால் பூ மாதிரி வருகிற சைக்கிள்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண், ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் இன்ஜினியர். அவள்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, நம்ம ஊர்ல ஃபர்ஸ்ட் நடந்த சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சது உங்கப்பாவாமே? பட்டுக் கடையில சொன்னாங்க."

"ஆமா. நின்னே ஜெயிச்சாரு."

"செம ஆன்ட்டி!"

பட்டுக் கடையில் அதைச் சொல்லிவைத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் ஒரு பந்தயம் நடத்தப் போகிறார்களாம். பெரிய காஞ்சிபுரத்தில் புறப்பட்டு மாகறல் போய்த் திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் நடந்ததும் அதே வழியில்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வருஷா வருஷம் நடத்துவார்களாம். ஜெயிக்கிறவருக்கு ஒரு சுழற்கோப்பை, அதில் முதல்முதலாக ஜெயித்தவர் பெயரைப் பொறிக்க வேண்டும். நான் மேடையேறி இந்த ஊர் சைக்கிள் பந்தயத்தின் கதையைக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

அவள் முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். கோப்பையில் என் அப்பா பெயர். ஓர் எழுத்தும் புள்ளியும் அல்ல, முழுப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை மைக்கில் சொல்வார்கள், யாரோ ஒரு பிள்ளை அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான். அன்றைக்குக் குஞ்சத்துக்குச் சேலை கொடுக்க வேண்டிய வீட்டை விட்டு மூன்று வீடு தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மேடைப் பேச்சை வீட்டுக்காரர் முன்னால் பேசிப் பார்த்தேன். "எங்கப்பா இந்த ஊரின் முதல் சைக்கிள் பந்தயத்தில் நின்றே வெற்றி பெற்றார்." அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அவர் தறியை நிறுத்தாமல், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் இன்னா? ஜெயிச்சாரு."

"யார் யார் ஓட்டுனாங்க? எங்க ஆரம்பிச்சாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரியாததைக் கேட்டால் வருகிற கோபம். அவர் அதற்கெல்லாம் அசைகிறவர் இல்லை. "பாயைக் கேட்டுப் பாரேன். வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தவரு அவருதானே" என்றார். நான் அப்போதே கிளம்பிவிட்டேன்.

பாயின் கடை இப்போது அவர் மகனிடம் இருக்கிறது. வாடகை சைக்கிள் எல்லாம் எப்போதோ போய்விட்டது, இரண்டு சக்கர வண்டிகளுக்குப் பஞ்சர் போடுகிறார்கள். பாய் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போகிற வருகிற டயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் சைக்கிளைப் பார்த்ததும், "இன்னாமா, பின்சக்கரம் கோட்டம் அடிக்குது, கவனிக்கலியா?" என்றார்.

"அது கிடக்கட்டும் பாய். எங்கப்பா ஜெயிச்ச ரேஸைப் பத்திச் சொல்லுங்க. மேடையில பேசணும்."

"ரேஸா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது ஷோக்கான காலம்மா. மொதல்ல ஒருத்தன் வந்தான், எந்த ஊருக்காரனோ. மைதானத்துல சைக்கிள வுட்டு எறங்காம நாள் கணக்குல சுத்திக்கினே இருந்தான். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலயே. ஊரே போயி வாயப் பொளந்துக்கினு பாத்துது. அவன் போனதுக்கப்புறம் எல்லாப் பசங்களுக்கும் சைக்கிள் பைத்தியம் புடிச்சிக்கிச்சு. ஆனா எவன்கிட்ட சொந்த சைக்கிள் இருந்துது? எல்லாம் என் கடை வாடகை வண்டிதான். ஒரு மணிக்குள்ள திருப்பி வுடணும், இல்லேன்னா அடுத்த மணிக்கும் சேத்து வாங்கிடுவேன். அந்த பேஜாருல அடிச்சிப் புடிச்சி ஓட்டிக்கினு வருவானுங்க. யாரு கடைசி நேரத்துல மொதல்ல வந்து சேர்றான்னு இங்கயே ஜனம் நின்னு பாக்கும். அப்படி ஆரம்பிச்சதும்மா ரேஸு."

எனக்கு உள்ளங்கால் துறுதுறுத்தது. இப்படி ஒரு கதைக்காகத்தானே வந்தேன். "அப்போ மாகறல் ரேஸு?"

"அது ஒரு பொங்கலுக்கு வெச்சோம். காலையில மாகறல் ரேஸு. அப்போ இப்போ மாதிரி பாலமா? பாலாத்து மணல்ல எறங்கி, சைக்கிளத் தோள்ல தூக்கிக்கினு அந்தாண்ட ஏறணும். நெசமாவே மாகறல் வரைக்கும் போனானான்னு எப்படித் தெரியும்? கோயில் வாசல்ல ஒருத்தர நிக்க வெச்சோம். வர்றவனுக்கெல்லாம் ஹேண்டில்பார்ல சாயம் போட்ட பட்டு நூல் கட்டிவுடுவாரு. நூலோட வந்தாத்தான் கணக்கு."

"எங்கப்பா நூலு என்ன கலரு பாய்?"

பாய் என்னைப் பார்த்தார். "மாகறல் ரேஸ்ல உங்கப்பன் ஏது?"

வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "பாய், எங்கப்பாதானே ஜெயிச்சாரு? நின்னே ஜெயிச்சாரு."

"ஆமா. நின்னு ஜெயிச்சான். நான் இன்னா இல்லேன்னா சொன்னேன்?"

"பெடல் மேல நின்னு மிதிச்சு..."

"மிதிக்கவே இல்லம்மா! நின்னான்னா நின்னான்." பாய் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி இல்லாத ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். அதைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். பிறகு அப்படியே அசையாமல் இருந்தார். தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இப்படி. ஸ்லோ ரேஸும்மா அது. கால் தரையில படக்கூடாது. கடைசியா வந்து சேர்றவன்தான் ஜெயிச்சவன்."

எங்கள் தெருக்களைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் காலையில் தெருவோடு தெருவாகப் பாவு நீட்டுவார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகள் மொத்தத்தையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று சரிசெய்வார்கள். ஓரமாக ஒரு சைக்கிள் போகிற இடம்தான் மிஞ்சும். வேகமாகப் போய் உரசினாலோ இழை அறுந்தாலோ தெருவே திரண்டு வந்து திட்டும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல். அதனால் எங்கள் ஆட்கள் சீட்டில் இருந்தபடியே ஊர்ந்து ஊர்ந்து, எதிரில் யாராவது வந்தால் அப்படியே நிறுத்திப் பிடித்து, வழி கிடைத்ததும் மறுபடி ஊர்ந்து போவார்கள். அந்தப் பழக்கத்தில் கிளம்பியதுதான் இந்தப் பந்தயமாம். பாய் சொல்லச் சொல்ல எனக்கு விளங்கியது. வாடகைக் கடை அவசரத்தில் ஒரு ரேஸ் பிறந்தது, பாவு கிடந்த தெருவில் இன்னொரு ரேஸ் பிறந்தது. என் அப்பா இரண்டாவதில் இருந்தார்.

"ஊர்க்காரங்களுக்கு ஸ்லோ ரேஸ்தாம்மா உசுரு" என்றார் பாய். "மாகறல் ரேஸ எவன் பாத்தான்? போறதப் பாப்போம், வர்றதப் பாப்போம், அவ்ளோதான். சாயந்தரம் ஸ்லோ ரேஸு நம்ம தெருவுலயே, கண்ணு முன்னால. மத்தவனுங்க ஒவ்வொருத்தனா காலை ஊனிட்டானுங்க. கோட்டைத் தொட்டவனும் தொட்டுட்டான். உங்கப்பன் மட்டும் நடுத்தெருவுல நின்னுக்கினே இருக்கறான். கில்லாடி."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரிலேயே எல்லாரையும் விட மெதுவாகப் போனதற்காக மாலை வாங்கிய மனிதருக்குப் பிறந்துவிட்டு, அவர் பெயரைச் சொல்லித்தான் நான் இத்தனை வருஷம் பறந்திருக்கிறேன். எல்லா வேலையையும் அவர் பெயரைச் சொல்லித்தான் விட்டேன்.

"சரி, மாகறல் ரேஸு யாரு ஜெயிச்சது?" என்று கேட்டேன்.

பாய் பஞ்சர் போட்டுக்கொண்டிருந்த மகனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "மாகறல்காரன் ஒருத்தன். இங்க சாயப்பட்டறையில வேலை. தெனம் அங்கேர்ந்து சைக்கிள்ல வந்துட்டுப் போவான். மத்தவன் மணல்ல ததிங்கிணத்தோம் போடறப்போ அவன் சைக்கிளத் தூக்கிக்கினு ஓடறான். அவன் வந்து நின்னப்போ ரெண்டாவது ஆளு கண்ணுக்கே தெரியல."

"அவரு பேரு ஏன் ஊர்ல யாருக்கும் தெரியல?"

"அவன் காலனி ஆளும்மா." பாயின் குரல் இறங்கியது. "ஜெயிச்சவனத் தோள்ல தூக்கிக்கினு, மேளம் அடிச்சிக்கினு தெருவெல்லாம் சுத்தறதுன்னு பேசியிருந்தோம். அவன் வந்து நின்னதும் தூக்க ஆளு இல்ல. இந்தத் தெருவுக்குள்ள அவனத் தூக்கிக்கினு போகக்கூடாதுன்னுட்டாங்க பெரிய மனுசங்க. பரிசா ஒரு டைனமோ லைட்டு வெச்சிருந்தோம். அத வாங்கிக்கினான், அங்கயே வண்டியில மாட்டிக்கினான், போயிட்டான். மேளக்காரங்க காலையிலேர்ந்து சும்மா உக்காந்துக்கினு இருந்தாங்க. சாயந்தரம் உங்கப்பன் ஜெயிச்சதும் அவனத் தூக்கிட்டாங்க."

"எங்கப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லுவான்? சிரிச்சிக்கினே போனான். நானுந்தான் ஒண்ணும் சொல்லல."

நான் எழுந்தேன். பாய் என் கையைப் பிடித்தார். "அந்தக் கதையெல்லாம் இப்போ யாருக்குமா தெரியும்? நான் ஒருத்தன்தான் மிச்சம். உங்கப்பன் பேரையே போட்டுக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அன்றைக்கு எந்தச் சேலையும் உரிய வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அரக்குச் சேலையைப் பச்சைச் சேலை வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன், அந்தப் பெண் தெருமுனை வரை கத்திக்கொண்டே ஓடிவந்தாள். வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போய் வாளியை வைக்காமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு அப்பா மேல் ஆத்திரம். ஸ்லோ ரேஸில் ஜெயித்ததற்காக இல்லை. அது போகட்டும், அதிலும் ஒரு வித்தை இருக்கிறது. தோளில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாரே, அதற்காக. காலையில் யாரைத் தூக்கவில்லை என்று அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆனாலும் கோப்பை எனக்கு வேண்டும். அதையும் சொல்லத்தானே வேண்டும். என் அப்பாவுக்கு இந்த உலகத்தில் வேறு ஒன்றும் கிடையாது. ஒரு போட்டோகூட இல்லாத மனிதர். மாகறல்காரருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும், ஒரு பெயர் நின்றிருக்கும். அவர்களுக்கு எதற்கு இது என்றெல்லாம் யோசித்தேன். கிளப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, கப்ல பேர் அடிக்கக் குடுக்கணும். ஸ்பெல்லிங் அனுப்புறீங்களா?" சாயந்தரம் சொல்கிறேன் என்றேன்.

பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு மாகறலுக்குக் கிளம்பினேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் இருக்கக்கூடாது, வீடு பூட்டிக் கிடக்க வேண்டும், வெளியூர் போய்விட்டார்கள் என்று யாராவது சொல்ல வேண்டும். பாலாற்றுப் பாலத்தில் எதிர்காற்று. பழக்க தோஷத்தில் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தேன். ஏனோ வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்க வாங்க மிதித்தேன்.

மாகறலில் கோயிலைத் தாண்டி ஒரு டீக்கடையில், அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் சாயப்பட்டறைக்குச் சைக்கிளில் போய்வந்தவர் வீடு எது என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "டைனமோக்காரர் வூடா? காலனிக்குள்ள போங்க, சர்ச்சுக்கு எதிர்ச் சந்து" என்றார். வீடு பூட்டியிருக்கவில்லை. என் வயதில் ஒரு பெண் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாளாம். டைனமோக்காரர் அவள் அப்பா. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

"எங்கப்பாவத் தேடிக்கினு காஞ்சிபுரத்துலேர்ந்து சைக்கிள்லயா வந்தீங்க? உக்காருங்கக்கா மொதல்ல, தண்ணி குடிங்க."

நான் நின்றுகொண்டே குடித்தேன். "உங்கப்பா சைக்கிள் ரேஸ் ஓட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

"ரேஸா? எங்கப்பாவா?" அவள் சிரித்தாள். "அவரு தெனம் வேலைக்குப் போவாரு வருவாரு. கையெல்லாம் ஒரு நாளைக்குச் செவப்பா இருக்கும், ஒரு நாளைக்கு நீலமா இருக்கும். ரேஸெல்லாம் ஓட்டினா வூட்ல சொல்லியிருக்க மாட்டாரா?"

"டைனமோ லைட்டு எங்கேர்ந்து வந்துதுன்னு சொல்லியிருக்காரா?"

அவள் கை கீரையில் நின்றது. "இல்ல. அப்போ இந்த ஊர்லயே டைனமோ வெச்ச சைக்கிள் எங்கப்பாதுதான். அதனாலதான் அந்தப் பேரே வந்துது. எங்கம்மா கேட்டுக்கினே இருக்கும், யாரு குடுத்தாங்கன்னு. கெடச்சுதுன்னு மட்டும் சொல்லுவாரு. அப்புறம் துருப்புடிச்சுப் போயி பழைய இரும்புக்குப் போட்டுட்டோம்."

இந்த இடத்தில் சும்மா திரும்பி வந்திருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாய் வாயைத் திறக்க மாட்டார். நான் வாசல் வரைக்கும் போனேன், செருப்பில் காலை நுழைத்தேன். பிறகு திரும்பி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாலாற்று மணல், பட்டு நூல், மேளம், தூக்காதது, சாயந்தரம் தூக்கியது. தூக்கியது யாரை என்பதையும் சொன்னேன். "எங்கப்பாவ" என்றேன்.

அவள் கீரைக் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "தூக்கலன்னா போகுது" என்றாள். "அதெல்லாம் அப்போ அப்படித்தான், இப்பவும் ஒண்ணும் பெருசா மாறிடல. ஆனா யாருனா ஒருத்தர் அவருகிட்ட வந்து, நீதாம்பா மொதல்ல வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வூட்ல வந்து சொல்றதுக்காவது அவருக்கு வாய் வந்திருக்கும். உங்கப்பா சொன்னாரா?"

"சொல்லியிருக்க மாட்டாரு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அவள் அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, பந்தய நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சந்து முனையிலேயே நின்று போன் செய்தேன். பெயரைச் சொன்னேன், எழுத்து எழுத்தாக. கிளப் பெண் குழம்பினாள். "இது உங்கப்பா பேரா ஆன்ட்டி? அன்னிக்கு நீங்க சொன்னது வேற பேராச்சே?"

"இல்லம்மா. ஜெயிச்சவரு இவருதான். எங்கப்பா ஸ்லோ ரேஸு."

"ஸ்லோ ரேஸா!" அவள் சிரித்துவிட்டாள். "அது எங்க காலேஜ்லயும் வெப்பாங்க ஆன்ட்டி, செம காமெடியா இருக்கும்." நல்ல பெண். வேறு எதையும் நினைத்துச் சிரிக்கவில்லை. நான்தான் பாலம் வரை யாரோ கன்னத்தில் அறைந்தது போலவே வந்தேன்.

பந்தயத்தன்று விடிகாலையிலேயே கூட்டம். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தபோது என் கால் மேடைப் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது, அது மைக்கில் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். வாடகைக் கடையைச் சொன்னேன், பாவு நீட்டிய தெருவைச் சொன்னேன், மாகறல் ரேஸைச் சொன்னேன். ஜெயித்தவர் பெயரைச் சொன்னேன். அவரை ஏன் தூக்கவில்லை என்பதையும், சாயந்தரம் என் அப்பாவைத் தூக்கியதையும் சொன்னேன். கூட்டத்தில் சில பெரியவர்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். பாய் நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் உட்கார்ந்திருந்தார். பிறகு கிளப் பெண் கோப்பையைத் தூக்கிக் காட்டி, அந்தப் பெயரை மைக்கில் இரண்டு தடவை சொன்னாள். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

மாகறல்காரி வந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். பெயர் மைக்கில் வந்தபோது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மேடையை விட்டு இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். என் வேலை முடிந்துவிட்டது. என் அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. முன்னாலும் இல்லை, இனிமேலும் இல்லை.

ஸ்டாண்டை எடுக்கும்போது அவள் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அழுது முடித்த கண்கள்.

"அக்கா, உங்கப்பா பேரு இன்னா?"

"எதுக்கும்மா?"

"மேல நின்னு இவ்ளோ நேரம் பேசினீங்க. எங்கப்பா பேர ஊரே கேட்டுச்சு. அவரு பேர நீங்க ஒரு வாட்டிகூடச் சொல்லலியே. எங்கப்பா, எங்கப்பான்னுதான் சொல்லிக்கினு இருந்தீங்க."

நான் சொன்னேன். ரேஷன் கடையில் சொல்வது மாதிரி வேகமாக, வாய்க்குள்ளேயே. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன்.

அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். பிசகிவிடக்கூடாதே என்று நிறுத்தி நிறுத்தி, முழுப் பெயரையும். பிறகு என்னைப் பார்த்து, "சரியாச் சொன்னேனா?" என்றாள்.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றேன்.